கட்டைவிரல் அடிமூட்டுத் தேய்மானம்: எலும்பை எடுப்பதா, மூட்டைப் பிணைப்பதா, செயற்கை மூட்டு வைப்பதா? – ஒரு நிகழ்வு ஆய்வு

(நோயாளியின் அடையாளம் வெளிப்படாமலிருக்க, ஒத்த நிலையில் வந்த சிலரின் விவரங்கள் இங்கே ஒரே நிகழ்வாக இணைத்துத் தரப்பட்டுள்ளன.)

நோயாளி வந்த நிலை

58 வயதுப் பெண், தையல் தொழில் செய்பவர், வலக்கைப் பழக்கமுடையவர். வலது கட்டைவிரலின் அடியில் நான்கு ஆண்டுகளாக வலி இருப்பதாகச் சொன்னார். துணி வெட்டும்போது தொடங்கிய வலி, பிறகு சாவியைத் திருப்பும்போதும் இறுக மூடிய புட்டியைத் திறக்கும்போதும் வரத் தொடங்கி, கடைசி ஆறு மாதங்களில் இரவுத் தூக்கத்தையும் கெடுத்திருந்தது. ஆனால் வலியைவிடத் தம்மைக் கலங்கவைப்பது, கையில் பிடித்த கத்தரிக்கோல் தம்மை அறியாமலே நழுவி விழுவதுதான் என்றார்.

அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவதற்கு முன் செய்ய வேண்டியவை அனைத்தும் அவருக்குச் செய்யப்பட்டிருந்தன. அடிமூட்டை அசையாமல் தாங்கும் ஸ்பிளிண்டை ஓராண்டுக்கு மேல் அணிந்திருந்தார். வலி நீக்கும் களிம்பும் மாத்திரையும் பயன்படுத்தியிருந்தார். ஆட்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் இடையிலுள்ள தசையை வலுப்படுத்தும் பயிற்சிகளையும் செய்துவந்தார். மூட்டுக்குள் போடப்பட்ட முதல் ஸ்டீராய்டு ஊசி ஐந்து மாதம் வலியைத் தணித்தது. இரண்டாவது ஊசியின் பயன் ஆறு வாரங்களைத் தாண்டவில்லை. மூன்றாவது ஊசி வேண்டுமா என்று கேட்டபோது அவரே மறுத்துவிட்டார். அது எங்களுக்கும் வசதியாகவே அமைந்தது. ஊசி போட்ட சூட்டோடு அறுவை செய்தால் கிருமித்தொற்று வரும் வாய்ப்பு கூடும் என்பதால், இரண்டுக்கும் இடையே மூன்று மாதமாவது இடைவெளி விடுவதையே நாங்கள் விரும்புகிறோம்.

பரிசோதனையில், கட்டைவிரலின் அடி சிறிய தோள்பட்டை போலத் துருத்தி நின்றது. கட்டைவிரலின் உள்ளங்கை எலும்பை அழுத்தியபடி மூட்டில் வைத்துச் சுழற்றியபோது, நறநறவென்ற உராய்வும் அவருக்கு நன்கு பழகிய அந்த வலியும் ஒருங்கே வந்தன. மணிக்கட்டின் பக்கவாட்டில் தசைநாண் உறை வீங்குவதால் வரும் டி கெர்வெய்ன் நோயும், நடு நரம்பு நெரிபடுவதால் வரும் கார்பல் டனல் நோயும் இதே வயதில், இதே கையில், இதே புகாரோடு வரக்கூடியவை. இரண்டையும் தேடினோம், இரண்டும் இல்லை. கார்பல் டனல் நோய் இருந்திருந்தால் அதையும் அதே அமர்வில் சரிசெய்திருப்போம். இல்லாவிட்டால் அறுவைக்குப் பிறகும் விரல்கள் மரத்துப்போக, அடிமூட்டு அறுவையே தோற்றுவிட்டது என்று நோயாளி எண்ணிவிடுவார்.

எங்கள் கவனத்தை அதிகம் ஈர்த்தது கட்டைவிரலின் நடு மூட்டு, அதாவது அடிமூட்டுக்கு அடுத்த மூட்டு. கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து அழுத்தச் சொன்னபோது, அந்த நடு மூட்டு பின்புறமாக 35 பாகை வளைந்தது. அடிமூட்டு விலகிச் சரியும்போது உள்ளங்கை எலும்பு உட்பக்கமாகச் சாய்கிறது. கை விரிய வேண்டுமே என்று அடுத்த மூட்டு பின்னோக்கி வளைந்து அந்தக் குறையை ஈடுகட்டுகிறது. விரல் முழுவதும் ‘இசட்’ எழுத்து போலக் கோணிப்போவது இப்படித்தான். கத்தரிக்கோல் நழுவியதற்கு வலி பாதிக் காரணமென்றால், இந்தக் கோணல் மறுபாதி.

எக்ஸ்ரே சொன்னதும் சொல்லாததும்

கட்டைவிரலின் உள்ளங்கை எலும்பு, ட்ரபீசியம் என்னும் சிறிய மணிக்கட்டு எலும்பின்மேல், இரண்டு குதிரைச் சேணங்களை ஒன்றின்மேல் ஒன்று குறுக்காகக் கவிழ்த்தது போல அமர்ந்திருக்கிறது. விரல் எல்லாத் திசையிலும் சுழன்று மற்ற விரல் நுனிகளைத் தொடுவதற்கு இந்த அமைப்பே காரணம். அது சீக்கிரம் தேய்ந்துபோவதற்கும் இதுவே காரணம். மூட்டைப் பிடித்துவைப்பவை எலும்பின் பொருத்தத்தைவிடப் பிணைப்பு நார்கள்தாம். அவை தளர்ந்தால் எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. விரல் நுனியில் 1 கிலோ விசையுடன் ஒரு பொருளைக் கிள்ளிப் பிடித்தால், அடிமூட்டில் ஏறத்தாழ 12 கிலோ விசை விழுகிறது என்று 1977இல் வெளியான உயிரியக்கவியல் கணக்கீடு காட்டியது. நாள் முழுதும் கத்தரிக்கோல் பிடிப்பவருக்கு அது என்ன கணக்கு என்று சொல்லத் தேவையில்லை.

எக்ஸ்ரேயில் ட்ரபீசியத்துக்கும் உள்ளங்கை எலும்புக்கும் இடையிலிருக்க வேண்டிய இடைவெளி முற்றிலும் மறைந்திருந்தது. ஓரங்களில் 2 மில்லிமீட்டருக்கும் பெரிய எலும்பு முளைகள் தெரிந்தன. அதோடு, ட்ரபீசியத்தின் மறுபக்கத்திலுள்ள ஸ்கேஃபாய்டு எலும்புடன் சேரும் மூட்டும் தேய்ந்திருந்தது. பரவலாகப் பயன்படும் ஈட்டன் வகைப்பாட்டில் இது 4ஆம் நிலை, அதாவது கடைசி நிலை.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. 1994இல் வெளியான ஓர் ஆய்வில், மாதவிடாய் நின்ற 143 பெண்களுடைய கைகளின் எக்ஸ்ரேக்களைப் பார்த்தபோது, நால்வரில் ஒருவருக்கு இந்த அடிமூட்டில் மட்டும் தேய்மானம் இருந்தது. அவர்களுள் வலி இருப்பதாகச் சொன்னவர்கள் மூன்றில் ஒரு பங்கினர்கூட இல்லை. ஆகவே எக்ஸ்ரே நிலை அறுவை சிகிச்சைக்கான காரணம் ஆகாது. எந்தெந்த அறுவைகளுக்கு இன்னும் இடமிருக்கிறது, எவற்றுக்கு இல்லை என்பதை மட்டுமே அது சொல்லும். அறுவை வேண்டுமா என்பதை வலியும் கையின் பயன்பாடும்தான் முடிவு செய்கின்றன. இந்த நோயாளி வந்தது படத்தைக் காட்டுவதற்காக அல்ல, தொழிலை விட நேருமோ என்ற அச்சத்தோடு.

தேர்வுகள்: எவை விலகின, ஏன்

மூட்டு தளர்ந்திருந்தும் குருத்தெலும்பு இன்னும் தேயாத தொடக்க நிலையில், மணிக்கட்டை மடக்கும் தசைநாணின் ஒரு பகுதியைக் கொண்டு பிணைப்பு நாரை மீண்டும் அமைக்கலாம். இம்முறையை ஈட்டனும் லிட்லரும் 1973இல் விவரித்தனர். உள்ளங்கை எலும்பின் அடியில் 30 பாகை அளவுக்கு ஓர் ஆப்பு வெட்டி எடுத்து, விசை விழும் இடத்தை மூட்டின் தேயாத பகுதிக்கு மாற்றுவது இன்னொரு வழி. இரண்டுமே மூட்டைக் காப்பாற்றும் அறுவைகள்; இவருக்கோ காப்பாற்ற மூட்டு மிச்சமில்லை. நுண்துளை வழியாக மூட்டைச் சுத்தம் செய்வதும், மூட்டுக்கு வலியுணர்வு கொண்டுசெல்லும் நரம்பு நுனிகளை மட்டும் துண்டிப்பதும் சில மையங்களில் செய்யப்படுகின்றன; நடு மூட்டு இவ்வளவு கோணியிருக்கும் கையில் அவற்றால் பெரிதாகப் பயன் இருக்காது என்று கருதினோம்.

மூட்டு இணைப்பு, அதாவது இரண்டு எலும்புகளையும் ஒன்றாக ஒட்டவைப்பது, கடும் உழைப்பு செய்யும் இளைஞருக்கு ஏற்றது என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவருகிறது. விரல் வலுவாக நிற்கும், வலி போகும் என்பது உண்மைதான். ஆனால் இணைத்த பின் உள்ளங்கையை மேசைமேல் தட்டையாக வைக்க முடியாது. குறுகிய இடத்துக்குள் கையை நுழைப்பதும் கடினம். ஒட்டாமலே போகும் எலும்புகளும் உண்டு. 40 வயதைக் கடந்த பெண்களிடம் இம்முறையை, எலும்பை நீக்கிப் பிணைப்பு நாரை மீட்டமைக்கும் முறையோடு ஒப்பிட்டு நடத்தப்பட்ட ஒரு சோதனை, இணைப்புக் குழுவில் சிக்கல்கள் கூடியதால் பாதியிலேயே நிறுத்தப்பட்டு, அதன் முடிவுகள் 2014இல் வெளியாயின. எங்கள் நோயாளிக்கு இதைவிட நேரடியான தடை ஒன்று இருந்தது. ட்ரபீசியத்தின் மறுபக்கமும் தேய்ந்திருக்கும்போது ஒரு பக்கத்தை மட்டும் ஒட்டினால், முழுச் சுமையும் தேய்ந்த மறுபக்கத்துக்குப் போகும்.

செயற்கை மூட்டைப் பற்றி அவரே கேட்டார். இடுப்பு மூட்டைப் போலவே பந்தும் கிண்ணமுமாக அமைந்த கட்டைவிரல் மூட்டு 1970களிலிருந்தே உள்ளது. அன்றைய மூட்டுகளில் கிண்ணம் தளர்ந்துபோவது பெருங்குறையாக இருந்தது. பந்தும் அதைச் சுற்றிய உறையும் தனித்தனியே அசையும் இன்றைய இரட்டை அசைவு வகைகளில் பந்து கிண்ணத்தைவிட்டு நழுவுவது வெகுவாகக் குறைந்திருக்கிறது. வலி சீக்கிரம் தணிவதும், பிடிவலு முதல் சில மாதங்களிலேயே திரும்புவதும், விரலின் நீளம் குறையாமலிருப்பதும் அவற்றின் உண்மையான நன்மைகள். செயற்கை மூட்டு தோற்றுவிட்டால், அதன் பிறகும் ட்ரபீசியத்தை நீக்கும் அறுவையைச் செய்யலாம் என்பதும் ஆறுதல். ஆனால் கிண்ணம் உட்கார்வது ட்ரபீசியத்தில்தான். அந்த எலும்பு போதிய உயரத்துடனும் உறுதியுடனும் இருக்க வேண்டும், அதன் மறுபக்க மூட்டும் வலியற்றதாக இருக்க வேண்டும். இவருக்கு அங்கேயும் அழுத்தினால் வலித்தது. இவருக்குத் தேய்மானம் 3ஆம் நிலையில் நின்று, ட்ரபீசியமும் நல்ல உயரத்துடன் இருந்திருந்தால், இந்தக் கட்டுரை வேறு மாதிரி முடிந்திருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். புதிய பொருள் என்றாலே ஆசைப்படும் பழக்கத்துக்கு இத்துறையில் கசப்பான ஒரு முன்னுதாரணமும் உண்டு. நீக்கிய ட்ரபீசியத்தின் இடத்தில் வைக்கப்பட்ட சிலிக்கோன் எலும்புகள் தொடக்கத்தில் நன்றாகத்தான் இருந்தன. பின்னர் அவை தேய்ந்து உதிர்த்த துகள்கள் சுற்றியுள்ள எலும்புகளை அரித்தன.

எஞ்சியது எலும்பை நீக்குவது

ட்ரபீசியத்தை முழுவதுமாக எடுத்துவிடும் அறுவையை ஜெர்விஸ் 1949இல் விவரித்தார். ‘எலும்பையே எடுத்துவிட்டால் விரல் எதன்மேல் நிற்கும்?’ என்று எங்கள் நோயாளி கேட்டார். அறுவை மருத்துவர்களும் பல பத்தாண்டுகளாக அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளங்கை எலும்பு அந்த வெற்றிடத்துக்குள் இறங்கி ஸ்கேஃபாய்டில் மோதும், பிடிவலு குறையும் என்ற அச்சத்தில்தான் பின்வந்த முறைகள் எல்லாம் பிறந்தன. பர்ட்டனும் பெல்லெக்ரீனியும் 1986இல் விவரித்த முறையில், மணிக்கட்டை மடக்கும் தசைநாணின் ஒரு பாதியை உள்ளங்கை எலும்பின் துளை வழியாக இழுத்து ஊஞ்சல் போலக் கட்டி, மீதியைச் சுருட்டி வெற்றிடத்தில் அடைப்பார்கள். சுருட்டிய அந்தத் தசைநாணுக்கு அறுவை அரங்கில் வழங்கும் பெயர் ‘ஆன்ச்சோவி’, நம் மொழியில் நெத்திலி. கட்டைவிரலை விலக்கும் நீண்ட தசைநாணிலிருந்து ஒரு கீற்றைப் பிரித்துத் தொங்கவிடுவதும், இரு பொத்தான்களுக்கிடையே வலுவான நூலால் முதல் இரண்டு உள்ளங்கை எலும்புகளைக் கட்டிவைப்பதும் இதே எண்ணத்தின் வேறு வடிவங்கள்.

இவ்வளவு வேலைப்பாடும் பலன் தருகிறதா? இந்தக் கேள்விக்கு, கை அறுவைத் துறையில் அபூர்வமாகக் கிடைக்கும் தெளிவுடன் விடை கிடைத்திருக்கிறது. 183 கட்டைவிரல்களைக் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு எலும்பை மட்டும் நீக்கியும், மற்றொன்றுக்கு இடைவெளியில் தசைநாணை அடைத்தும், மூன்றாவதுக்குப் பிணைப்பு நாரை மீட்டமைத்து அடைத்தும் செய்த ஆய்வு 2004இல் வெளியானது. ஓராண்டு முடிவில் வலியிலும் பிடிவலுவிலும் மூன்றுக்கும் வேறுபாடு இல்லை. அவர்களுள் பெரும்பாலோரை 5 முதல் 18 ஆண்டுகள் கழித்து மீண்டும் பார்த்தபோதும் அதே முடிவு. அது 2012இல் வெளிவந்தது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வும் எந்த முறையும் மற்றொன்றைவிட மேலானது என்று சொல்லச் சான்று இல்லை என்ற முடிவுக்கே வந்தது. ஆனாலும் அமெரிக்கக் கை அறுவை மருத்துவர்களிடையே நடந்த கருத்தாய்வுகளில், பிணைப்பு நாரை மீட்டமைக்கும் முறையையே பெரும்பான்மையினர் தேர்ந்தெடுக்கிறார்கள். பயிற்சியில் கை எதைக் கற்றதோ அதையே மனமும் நம்புகிறது. நானும் பல ஆண்டுகள் நெத்திலி சுருட்டியவன்தான். எலும்பு எவ்வளவு இறங்குகிறது என்பதற்கும் நோயாளி எவ்வளவு நலமாக இருக்கிறார் என்பதற்கும் உறுதியான தொடர்பைக் காண முடியவில்லை என்பது என் மனத்தை மாற்றிய செய்தி.

எனவே இவருக்கு எலும்பை மட்டும் நீக்குவது என்றும், தனியாகத் தசைநாண் எடுப்பதில்லை என்றும் முடிவு செய்தோம். நடு மூட்டின் கோணலை விட்டுவைக்க முடியாது. அடிமூட்டில் எதைச் செய்தாலும், பின்னோக்கி வளையும் நடு மூட்டு உள்ளங்கை எலும்பை மீண்டும் உட்பக்கமாகத் தள்ளிவிடும். 30 பாகையைத் தாண்டினால் அந்த மூட்டையும் இறுக்குவது அல்லது இணைப்பது எங்கள் வழக்கம். அவருடைய நடு மூட்டில் குருத்தெலும்பு நன்றாக இருந்ததால், இணைக்காமல் அதன் உள்ளங்கைப் பக்கத்து உறையை இழுத்து இறுக்குவதே போதும் என்று கருதினோம்.

அறுவையும் அதன் பின்னும்

கையை மட்டும் மரத்துப்போகச் செய்து, குருதியோட்டத்தைத் தற்காலிகமாக நிறுத்தி, கட்டைவிரலின் அடியில் புறப்பக்கமாகக் கீறினோம். இந்த அறுவையில் கத்தி எலும்பைத் தொடுமுன் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, தோலுக்கு அடியிலேயே ஓடும் ஆரை நரம்பின் உணர்வுக் கிளைகள். நூல் போன்ற இவை இழுபட்டாலே பல வாரங்கள் எரிச்சல் தரும், அறுபட்டால் ஏற்படும் வலி பழைய தேய்மான வலியைவிட மோசமாகவும் இருக்கலாம். இரண்டாவது, மணிக்கட்டில் நாடி பார்க்கும் அதே தமனி. அது இங்கே புறப்பக்கம் திரும்பி மூட்டுக்கு மேலேயே செல்கிறது. இரண்டையும் ஒதுக்கிவைத்து, மூட்டு உறையைத் திறந்து, ட்ரபீசியத்தைத் துண்டுகளாக்கி எடுத்தோம். முழு எலும்பாகப் பெயர்க்க முயன்றால், அதன் அடியில் ஒரு பள்ளத்தில் ஓடும் தசைநாண் அறுபட வாய்ப்புண்டு.

எலும்பு வெளியே வந்ததும் பார்க்க வேண்டிய, ஆனால் அவசரத்தில் மறக்கப்படும் இடம் ஒன்று உண்டு: ஸ்கேஃபாய்டுக்கும் பக்கத்திலுள்ள ட்ரபீசாய்டு என்னும் வேறொரு சிறிய எலும்புக்கும் இடையிலான மூட்டு. எக்ஸ்ரேயில் அது சரியாகத் தெரிவதில்லை. இவருக்கு அங்கேயும் குருத்தெலும்பு உதிர்ந்திருந்தது. ட்ரபீசாய்டின் மேற்பகுதியில் 2 முதல் 3 மில்லிமீட்டர் சீவி எடுத்தோம்; அதை விட்டிருந்தால் ‘அறுவை செய்தும் வலி போகவில்லை’ என்று அவர் ஓராண்டு கழித்து வந்திருக்கக்கூடும். பிறகு உறையைக் கவனமாகத் தைத்து, விரலைச் சற்று இழுத்து விரித்த நிலையில் ஒரு மெல்லிய கம்பியால் நிறுத்தினோம். வெற்றிடத்தில் குருதி உறைந்து, அதுவே நாளடைவில் நார்த்திசுவாகிப் புதிய மெத்தையாக மாறும் என்பதே இதன் நோக்கம். நடு மூட்டின் உறையை இறுக்கி, அதையும் ஒரு கம்பியால் தாங்கினோம்.

ஐந்து வாரங்கள் மாவுக்கட்டு. அதன் பின் கம்பிகள் நீக்கப்பட்டன. அடுத்த நான்கு வாரங்கள் கழற்றக்கூடிய ஸ்பிளிண்டும், கைச் சிகிச்சையாளரின் மேற்பார்வையில் பயிற்சியும் தொடர்ந்தன. கட்டைவிரலின் புறப்பக்கத்தில் ஒரு சிறிய பகுதி மரத்திருப்பதாக முதல் மாதத்தில் சொன்னார். ஒதுக்கிவைத்த நரம்பு இழுபட்டதே காரணம் என்று நினைக்கிறோம், மூன்றாம் மாதத்தில் அது மறைந்துவிட்டது. வீக்கமும் அளவுக்கு மீறிய வலியும் சேர்ந்து கையையே முடக்கும் வட்டார வலி நோய்க்குறியை இக்காலத்தில் ஒவ்வொரு வருகையிலும் தேடினோம்; அது வரவில்லை.

மூன்றாம் மாதம்தான் கடினமானது. இரவு வலி போயிருந்தது. ஆனால் சாவிப் பிடியின் (கட்டைவிரலை ஆட்காட்டி விரலின் பக்கவாட்டில் அழுத்திப் பிடிப்பதன்) வலு அறுவைக்கு முன்பிருந்ததைவிடக் குறைவாக, 2 கிலோவாக இருந்தது. இது எதிர்பார்த்ததுதான், அறுவைக்கு முன்பே, பிடிவலு திரும்ப ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும் என்று அவரிடம் சொல்லியிருந்தோம், எழுதியும் கொடுத்திருந்தோம். இருந்தாலும் அவர் மனமுடைந்து போயிருந்தார். செயற்கை மூட்டு வைத்தவர்கள் இந்நேரம் வேலைக்குத் திரும்பியிருப்பார்கள் என்பதை நான் மறைக்கவில்லை. ஆறாம் மாதத்தில் வலு அறுவைக்கு முந்திய 3 கிலோவை எட்டியது. ஓராண்டில் 4 கிலோ. கட்டைவிரல் நுனி சுண்டுவிரலின் அடிவரை சென்று தொட்டது. நடு மூட்டு பின்னோக்கி வளைவது முற்றாக நிற்கவில்லை. ஆனால் 35 பாகை 10 பாகையாகக் குறைந்திருந்தது, கத்தரிக்கோல் நழுவுவது நின்றிருந்தது. தடித்த துணிகளுக்குப் பெரிய கைப்பிடியுள்ள கத்தரிக்கோலும், மெல்லிய துணிக்கு உருளும் கத்தியும் பயன்படுத்துகிறார். எக்ஸ்ரேயில் உள்ளங்கை எலும்பு வெற்றிடத்துக்குள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இறங்கியிருந்தது. அதை அவரிடம் காட்டியபோது, ‘எனக்கு ஒன்றும் தெரியவில்லையே, டாக்டர்’ என்றார்.

அதே வருகையில் இடது கையையும் நீட்டி, அதையும் செய்துவிடலாமா என்று கேட்டார். படம் எடுத்துப் பார்த்தோம். 3ஆம் நிலைத் தேய்மானம், பெரிய முளைகள், எல்லாம் இருந்தன. வலிக்கிறதா என்று கேட்டதற்கு, எப்போதாவது மழைக்காலத்தில் மட்டும் என்றார். இடது கைக்கு ஒரு ஸ்பிளிண்ட் கொடுத்து, பயிற்சிகளைத் தொடரச் சொல்லி அனுப்பினோம். அறுவைக்கு நாள் குறிக்கவில்லை.